நிலவில் வீடு: மண்ணுக்கு மேலா, கீழா?

நிலவின் தென்துருவத்துக்கு அருகே 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3, சில நாட்களுக்குள் ஒரு வெப்பமானியைத் தரைக்குள் செருகியது. ‘சேஸ்ட்’ என்று பெயரிடப்பட்ட அந்தக் கருவியின் தண்டில் பத்து வெப்ப உணரிகள் வரிசையாக இருந்தன. ஒரு மோட்டார் அதை மெல்ல மெல்ல 10 சென்டிமீட்டர் ஆழம்வரை இறக்கியது. ஆகஸ்ட் 27 அன்று இஸ்ரோ வெளியிட்ட முதல் வரைபடத்தில் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. 8 சென்டிமீட்டர் கீழே மைனஸ் 10 டிகிரி. ஒரு விரல் நீளத்துக்குள் 60 டிகிரி வித்தியாசம். பின்னர் வெளிவந்த விரிவான ஆய்வுக் கட்டுரையில், லேண்டர் நின்ற சரிவின் மேற்பரப்பு 82 டிகிரிவரை சூடேறியது என்றும், ஒரு மீட்டர் தள்ளியிருந்த சமதரை 58 டிகிரி அளவில் நின்றது என்றும் தெரியவந்தது.

நிலவில் வீடு கட்ட நினைப்பவருக்கு இதைவிட முக்கியமான தரவு குறைவு. தரைக்கு மேலே பகலில் கொதிப்பு, இரவில் உறைபனியையும் மிஞ்சும் குளிர். தரைக்குக் கீழே சிறிது இறங்கினாலே அந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிடுகிறது. அப்பல்லோ 15, 17 பயணங்களில் புதைத்து வைத்த வெப்பமானிகள் ஒரு மீட்டருக்குக் கீழே ஆண்டு முழுவதும் மைனஸ் 20 டிகிரி அளவில் மாறாமல் இருப்பதைக் காட்டின.

அப்படியானால் மண்ணுக்குள் போய்விடுவதுதானே சரி என்று உடனே தோன்றும். பல பத்தாண்டுகளாக விண்வெளிப் பொறியாளர்கள் இதைப் பற்றித்தான் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தரப்பு குகைகளையும் சுரங்கங்களையும் சொல்கிறது. மறு தரப்பு, பூமியிலிருந்து கொண்டுபோகும் கூடுகளைத் தரைமேல் நிறுத்துவதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்கிறது. இருதரப்பின் எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவு இது: எங்கே குடியேறுவது என்பதைத் தண்ணீர் தீர்மானிக்கும், எப்படிக் குடியேறுவது என்பதை மண் அள்ளும் திறன் தீர்மானிக்கும். மேலா கீழா என்ற கேள்வி இந்த இரண்டுக்கும் பிறகே வரும்.

முதலில் கதிர்வீச்சு. நம் தலைக்கு மேல் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலும் ஏறத்தாழ 10 டன் காற்று நிற்கிறது. அண்டவெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை அந்தக் காற்றுதான் பெருமளவு தடுக்கிறது. பூமியின் காந்தப்புலம் அதற்குத் துணை. நிலவில் இரண்டும் இல்லை. செவ்வாயில் காற்று உண்டு, ஆனால் கியூரியாசிட்டி ரோவர் இறங்கிய இடத்தில் அதன் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ மட்டுமே. அந்த ரோவர் செவ்வாயின் தரையில் அளந்த கதிர்வீச்சு நாளொன்றுக்கு 0.67 மில்லிசீவர்ட். 2019-ல் நிலவின் மறுபக்கத்தில் இறங்கிய சீனாவின் சாங்-இ 4 அளந்தது நாளொன்றுக்கு 1.37 மில்லிசீவர்ட்.

இந்த எண்ணுக்கு நம் ஊர் அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். இந்தியாவில் பொதுமக்களுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதித்திருக்கும் வரம்பு ஓர் ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். இயற்கையாக வருவதும் மருத்துவத்தில் வருவதும் இதில் சேராது. கல்பாக்கம் போன்ற இடங்களில் கதிர்வீச்சுப் பணியில் இருப்போருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20. நிலவில் தரைமேல் மறைப்பில்லாமல் இருப்பவர், பொதுமக்களுக்கான ஓராண்டு வரம்பை ஒரே நாளில் தாண்டிவிடுவார். ஓராண்டில் அவர் பெறுவது 500 மில்லிசீவர்ட். விண்வெளி வீரர் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதும் பெறக்கூடியது என நாசா வகுத்திருக்கும் உச்சவரம்பு 600. பதினான்கு மாதங்களில் கணக்கு தீர்ந்துவிடும்.

இது அமைதியான நாட்களின் கணக்கு. சூரியன் சீறும் நாட்கள் வேறு. 1972 ஆகஸ்டில் ஒரு பெரிய சூரியப் புயல் வீசியது. அப்பல்லோ 16 ஏப்ரலில் திரும்பியிருந்தது, அப்பல்லோ 17 டிசம்பரில் கிளம்பியது. இடையில் விழுந்ததால் யாரும் அதில் சிக்கவில்லை. நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு அத்தகைய இடைவெளி கிடைக்காது.

மெல்லிய மறைப்பு போதாது என்பது மட்டுமல்ல, சில சமயம் அது தீங்கைக் கூட்டவும் செய்யும். வேகமாக வரும் காஸ்மிக் கதிர் ஓர் அணுவில் மோதும்போது நியூட்ரான் முதலிய இரண்டாம் நிலைத் துகள்கள் சிதறுகின்றன. சில பத்து சென்டிமீட்டர் மண், வந்த கதிரை முழுதும் நிறுத்தாமல் இந்தச் சிதறலை மட்டும் பெருக்கிவிடக்கூடும். சிதறியவற்றையும் சேர்த்து அடக்க வேண்டுமானால் 2 முதல் 3 மீட்டர் மண் தேவை. பூமியின் காற்று தருகிற அதே எடையுள்ள காப்பு வேண்டுமென்றால் 6 மீட்டர்.

பாறைக்குள் இறங்கினால் காஸ்மிக் கதிர் எப்படிக் குறைகிறது என்பதை உலகுக்கு முதலில் அளந்து காட்டிய இடங்களில் ஒன்று, தமிழர்கள் உழைத்து உருவாக்கிய கோலார் தங்கவயல். 1950களிலிருந்து டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இயற்பியலாளர்கள் அந்தச் சுரங்கத்தின் வெவ்வேறு ஆழங்களில் கருவிகளை வைத்து மியூவான் துகள்களை எண்ணினார்கள். ஆழம் கூடக்கூட எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்தது. கதிர்கள் கிட்டத்தட்ட அற்றுப்போன அந்த அமைதியில்தான், 2 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், 1965-ல் வளிமண்டல நியூட்ரினோ உண்டாக்கிய தடத்தைக் கண்டார்கள். எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன், வி.எஸ். நரசிம்மம் ஆகியோர் அந்தப் பணியில் முன்னின்றவர்கள். கருவிகள் இருந்த குகைகளை வெட்டித் தந்தவர்கள் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தலைமுறை தலைமுறையாகப் போன தொழிலாளர்களின் வாரிசுகள். கோலாரை நான் இங்கே இழுப்பது பெருமைக்காக மட்டுமல்ல. நிலத்தடியில் மனிதன் நீண்டகாலம் இயங்கினால் என்ன நேரும் என்பதற்கு நம்மிடம் உள்ள மிகப் பெரிய ஏடு அதுதான். அந்த ஏட்டுக்குப் பின்னர் திரும்பவும் வருகிறேன்.

கதிர்வீச்சைப் பற்றிப் பேசுவோர் பலர் காற்றழுத்தத்தை மறந்துவிடுகிறார்கள். பூமியில் சுரங்கம் தோண்டுபவரின் கவலை கூரை இடிந்து கீழே விழுவது. நிலவில் கவலை தலைகீழ். உள்ளே மூச்சுவிடும் காற்று, வெளியே வெற்றிடம். கடல்மட்ட அழுத்தத்தில் காற்றை அடைத்தால் கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் அது 10 டன் எடைக்குச் சமமான விசையோடு மேல்நோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலை மண்ணின் எடையால் மட்டும் சமன்செய்ய எவ்வளவு மண் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு கன மீட்டர் மண் 1.6 டன் என்று கொண்டால், செவ்வாயில் 17 மீட்டர், ஈர்ப்பு ஆறில் ஒன்றாகிவிடும் நிலவில் 39 மீட்டர். உள்ளே அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தாலும் நிலவில் ஏறத்தாழ 20 மீட்டர்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் பெரியது. கதிர்வீச்சுக்காக 3 மீட்டர் மண்ணைக் கூரைமேல் கொட்டினாலும், நிலவில் அதன் எடை உள்ளேயிருக்கும் காற்றின் தள்ளலில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆக மண் கூட்டை நசுக்காது. காற்றால் விறைத்து நிற்கும் கூடு, காற்றடித்த சைக்கிள் டியூப்பைப் போல, தன் மேல் ஏறும் சுமையை எளிதில் தாங்கும். மாறாக, ஏதோ ஒரு காரணத்தால் காற்று கசிந்து அழுத்தம் போய்விட்டால், அந்த நிமிடம் முதல் மண்ணின் முழுச் சுமையும் வெறும் சட்டத்தின் மேல் விழும். எனவே வடிவமைப்பாளர் இரண்டு எதிரெதிர் நிலைகளுக்கும் கணக்கிட வேண்டும். வெறும் மண்ணையோ பாறையையோ குடைந்து கதவு பொருத்திக் காற்றை நிரப்பிவிட முடியாது என்பதும் இதிலேயே விளங்கும். விரிசல் விழுந்த பாறை காற்றைப் பிடித்துவைக்காது. குகைக்குள் போனாலும் காற்றுப்புகாத ஒரு கூட்டை உள்ளே கொண்டுபோயே ஆக வேண்டும். தரைமேல் வைக்கும் கூட்டுக்கும் குகைக்குள் வைக்கும் கூட்டுக்கும் இடையிலான வேறுபாடு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு.

அடுத்தது தோண்டுவது. ஆவடி மாநகராட்சிக்குள் அடங்கிய எங்கள் சேக்காட்டுக்குப் பக்கத்தில்தான் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. 1960களில் விஜயந்தாவில் தொடங்கி இன்று அர்ஜுன்வரை டேங்குகள் அங்கேதான் உருவாகின்றன. அர்ஜுன் மார்க்-1ஏ டேங்கின் எடை 68 டன். சங்கிலிப்பட்டையின் மேல் ஓடும் எந்த வாகனமும், டேங்கானாலும் புல்டோசரானாலும், தரையைப் பற்றிக்கொண்டு முன்னே தள்ளுவது தன் எடையால்தான். ஆவடியில் இது தெரியாத மெக்கானிக் இருக்க முடியாது. அந்த 68 டன் டேங்கை நிலவில் கொண்டுபோய் நிறுத்தினால் அது இங்கே 11 டன் வண்டி அழுத்தும் அளவுக்கே தரையை அழுத்தும். ஒரு ஜேசிபியின் வாளி மண்ணைக் கவ்வும்போது எதிர்விசையைத் தாங்குவது வண்டியின் எடை. எடை ஆறில் ஒன்றானால் வாளி மண்ணுக்குள் இறங்குவதற்குப் பதில் வண்டி மேலே எழும்பும். அதனால்தான் நாசாவின் கென்னடி விண்வெளி மையத்தில் உருவாக்கிய ‘ராசர்’ என்ற அகழ்வு எந்திரத்தில் முன்னும் பின்னும் இரண்டு உருளைகள் எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. ஒன்று இழுக்கும் இழுப்பை மற்றொன்று ஈடுசெய்கிறது. எடையை நம்பாமல் தோண்டும் வழி அது.

மண்ணும் ஒத்துழைப்பதில்லை. நிலவின் மேற்பரப்பில் சில சென்டிமீட்டர் பொடியாக இருக்கும் மண், அதற்குக் கீழே கோடிக்கணக்கான ஆண்டு அதிர்வுகளால் இறுகிக் கிடக்கிறது. அப்பல்லோ 15-ல் டேவிட் ஸ்காட் துளைப்பானோடு பட்ட பாடு பதிவாகியிருக்கிறது. செவ்வாயில் 2018-ல் இறங்கிய இன்சைட் லேண்டர், தானே குத்திக்கொண்டு 5 மீட்டர் ஆழம்வரை இறங்கும் ஓர் ‘அகழெலி’யைக் கொண்டுபோயிற்று. இரண்டாண்டுகள் முயன்றும் அதன் தலை தரைமட்டத்துக்குச் சில சென்டிமீட்டர் கீழேதான் போனது. 2021 ஜனவரியில் முயற்சியைக் கைவிட்டார்கள். மண் கட்டிகட்டியாக இருந்து உராய்வு தராமல் போனதே காரணம். சேஸ்ட் 10 சென்டிமீட்டர் இறங்கியது ஏன் சாதனை என்பது இப்போது புரியும். பூமிக்கு வெளியே ஒரு செ.மீ. ஆழத்தையும் சம்பாதித்துத்தான் பெற வேண்டும்.

பூந்தமல்லி வழியாகப் போகிறவர்கள் மெட்ரோ ரயிலின் தூண்களைப் பார்த்திருப்பார்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து வரும் அந்தத் தடம் நகருக்குள் சுரங்கமாகவும் கோடம்பாக்கத்துக்கு இப்பால் மேம்பாலமாகவும் திட்டமிடப்பட்டது. சுரங்கம் பல மடங்கு செலவு என்பதால், இடமில்லாத இடத்தில் மட்டுமே மண்ணுக்குள் போகிறார்கள். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள துளைக்கும் எந்திரம், மின்சாரம், ஆட்கள் எல்லாம் இருக்கும் சென்னையிலேயே இந்த நிலை. அந்த எந்திரத்தை நிலவுக்கு அனுப்புவது இன்றைய ராக்கெட்டுகளால் ஆகிற காரியமல்ல.

தோண்ட வேண்டாம், ஏற்கெனவே தோண்டியிருப்பதில் போய் இருக்கலாம் என்பது குகைக்காரர்களின் பதில். இங்கே இந்தியாவின் பங்கு கவனிக்கத்தக்கது. பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22-ல் கிளம்பியது. அதன் நிலவரைவு கேமரா மூன்று கோணங்களில் படம் எடுத்ததால் மேடுபள்ளங்களை உயரக் கணக்கோடு பார்க்க முடிந்தது. அந்தப் படங்களை ஆராய்ந்த அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் ஏ.எஸ். ஆர்யா குழுவினர், 2011-ல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். நிலவின் ‘புயல்களின் பெருங்கடல்’ என்னும் சமவெளியில், இடிந்து விழாமல் கூரையோடு நிற்கும் ஓர் எரிமலைக் குழம்புக் குழாய். நீளம் சுமார் 1.7 கிலோமீட்டர், உயரம் 120 மீட்டர், அகலம் 360 மீட்டர். பழங்காலத்தில் எரிமலைக் குழம்பு ஓடியபோது மேல்பகுதி ஆறி ஓடாகி, உள்ளே இருந்த குழம்பு வடிந்துபோய் விட்டுச்சென்ற வெற்றிடம் அது. ஒரு சிறு நகரமே அதற்குள் அடங்கும். எதிர்கால மனிதக் குடியிருப்புக்கு உகந்த இடம் என்றே அந்தக் கட்டுரை அதை முன்வைத்தது.

அதற்கு முன்பே, 2009-ல், ஜப்பானின் காகுயா விண்கலத்தின் படங்களில் மாரியஸ் குன்றுகளில் ஒரு பெருந்துளை தெரிந்தது. இன்று அத்தகைய துளைகள் 200-க்கும் மேல் அறியப்பட்டிருக்கின்றன. அமைதிக்கடலில் உள்ள ஒரு துளையின் நிழல் பகுதியில் வெப்பம் ஏறத்தாழ 17 டிகிரியிலேயே நிற்கிறது என்று 2022-ல் நாசாவின் அளவீடுகள் காட்டின. கொடைக்கானலின் இதமான காலை அது. 2024-ல் இத்தாலியின் டிரென்டோ பல்கலைக்கழகத்தினர் பழைய ரேடார் தரவை மறுபடி ஆராய்ந்து, அந்தத் துளையின் அடியிலிருந்து பக்கவாட்டில் ஒரு குகைப்பாதை பல பத்து மீட்டர் நீள்வதற்குச் சான்று தந்தார்கள். குறைந்த ஈர்ப்பில் பாறைக் கூரைகள் மிகப் பெரிதாகவும் நிலையாக நிற்கும் என்பது கணினிக் கணக்குகளில் தெரிகிறது.

இவ்வளவு இருந்தும் முதல் குடியிருப்பு குகையில் அமையாது என்று நான் கருதுகிறேன். குகைகள் இருக்குமிடம் எரிமலைக் குழம்பு பரவிய சமவெளிகள். அவை பெரும்பாலும் நடுப்பகுதியில், நம்மை நோக்கிய முகத்தில் இருக்கின்றன. பனிக்கட்டி இருப்பதோ துருவங்களில், சூரியனே எட்டிப் பார்க்காத பள்ளங்களின் அடியில். நிலநடுக்கோட்டிலிருந்து துருவத்துக்கு நிலவின் தரைவழித் தூரம் 2,700 கிலோமீட்டருக்கும் மேல். செவ்வாயிலும் இதே முரண்பாடு. ஆர்சியா மலைச்சரிவில் குகைவாய்கள் தெரிகின்றன, பனியோ வடக்கே வெகுதொலைவில் கைக்கெட்டும் ஆழத்தில் கிடக்கிறது. பீனிக்ஸ் லேண்டர் 2008-ல் சில சென்டிமீட்டர் சுரண்டியதுமே வெண்பனி தெரிந்தது. குகையைத் தேர்ந்தால் தண்ணீரைச் சுமக்க வேண்டும். தண்ணீரைத் தேர்ந்தால் குகையை மறக்க வேண்டும்.

இந்தத் தேர்வில் மனிதன் என்ன செய்வான் என்பதற்கு என் வட்டாரத்திலேயே மிகப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. சேக்காட்டிலிருந்து வடமேற்கே திருவள்ளூரையும் பூண்டியையும் தாண்டினால் குடியம் குகைகள். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க அருமையான பெரும்பாறைக் குடைவுகள். அங்கிருந்து சற்றே தொலைவில், கொற்றலை ஆற்றுப் படுகையில் அதிரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினரின் அகழாய்வு அந்தக் கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் நிறுவியது. கருவிகள் அடுக்கடுக்காகக் குவிந்து கிடப்பது திறந்தவெளி ஓடைக்கரையில். 1960களில் குடியம் குகைக்குள் தோண்டியபோது கிடைத்தவை சொற்பம், தற்காலிகமாக ஒதுங்கியவர்களின் தடம் என்று சொல்லத்தக்க அளவே. தயாராக இருந்த கூரையை விட்டுவிட்டு, தண்ணீரும் கருவிக்கான கல்லும் கிடைத்த இடத்தில் அவர்கள் மீண்டும் மீண்டும் தங்கினார்கள். குகை வசதி, தண்ணீர் தேவை. நிலவிலும் செவ்வாயிலும் கணக்கு மாறப்போவதில்லை.

ஆகவே துருவத்தில், பனிக்கு எட்டும் தூரத்தில், தரைமேல் ஒரு கூட்டை வைத்து அதன்மேல் மண்ணைப் போர்த்துவது. இதுதான் நான் எதிர்பார்க்கும் முதல் வீடு. கட்டும்போது அது தரைமேல் வீடு, குடியேறும்போது நிலத்தடி வீடு. மண்ணுக்குள் இறங்குவதற்குப் பதில் மண்ணை மேலேற்றுகிறோம். மேற்பரப்பில் பொடியாகக் கிடக்கும் மண்ணைச் சுரண்டிக் குவிப்பதற்கு ஆழத் தோண்டும் எந்திரம் வேண்டியதில்லை.

வேலை எவ்வளவு என்று ஒரு தோராயக் கணக்கு. 5 மீட்டர் விட்டமும் 10 மீட்டர் நீளமும் உள்ள ஓர் உருளைக் கூட்டின்மேல் எல்லாப் பக்கமும் 3 மீட்டர் மண் நிற்க வேண்டுமானால் ஆயிரம் கன மீட்டருக்கு மேல், ஏறத்தாழ 2000 டன் மண் தேவை. மணிக்கு ஒரு டன் அள்ளிக் கொட்டும் சிறு எந்திரத்துக்கு 2000 மணி நேரம். நிலவின் ஒரு பகல் சுமார் 350 மணி நேரம் என்பதால் ஆறு பகல்கள், அதாவது பூமிக்கணக்கில் அரையாண்டு. இரவில் நிறுத்திவைத்து, பழுதாகாமல் ஓட வேண்டும். கடினம்தான், ஆனால் மனிதர்கள் போய்ச் சேருமுன் எந்திரங்களால் முடிக்கக்கூடிய கடினம். நான்கு பேர் இருக்கும் ஒரு கூட்டுக்கு இதற்குமேல் எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

மண் போர்த்துவது என்று முடிவானதும் அந்த மண்ணைப் பற்றிய அறிவுதான் முதல் தேவையாகிறது. அது நாமக்கல் மாவட்டத்தில் தொடங்கியிருக்கிறது. சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களைச் சுற்றி அனார்த்தோசைட் என்ற வெண்பாறை பரந்து கிடக்கிறது. சுண்ணாம்புச் சத்துள்ள பெல்ஸ்பார் கனிமம் நிறைந்த அந்தப் பாறையின் கட்டமைப்பு, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. தென்துருவம் மேட்டுநிலத்தைச் சேர்ந்தது. சந்திரயான்-2 லேண்டரையும் ரோவரையும் சோதிக்க நிலவு மண் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டபோது, அமெரிக்காவிலிருந்து வாங்கினால் கட்டுப்படியாகாது என்று இஸ்ரோ இங்கே திரும்பியது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர்களும் திருச்சி என்.ஐ.டி.யும் அந்தப் பணியில் சேர்ந்தார்கள். பாறையை அரைத்து, துகள்களின் அளவை நிலவின் மண்ணுக்கு இணையாகக் கலந்து, பெங்களூருவுக்கு அனுப்பினார்கள். பெரியார் பல்கலைக்கழகத்திலிருந்து சுமார் 50 டன் போனது. அந்த மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020-ல் இஸ்ரோ காப்புரிமை பெற்றது. சந்திரயான்-3-ஐ விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் வழிநடத்தியதை எல்லோரும் கொண்டாடினோம். லேண்டரின் கால்கள் முதலில் ஊன்றிப் பழகியது நாமக்கல் கல்லின் தூளில் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

மண்ணைக் கொட்டுவதோடு நில்லாமல் கல்லாகவும் ஆக்கலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், நிலவு மண் மாதிரியோடு யூரியாவையும் ஒருவகைப் பாக்டீரியாவையும் கொத்தவரைப் பிசினையும் சேர்த்து, பாக்டீரியா சுரக்கும் சுண்ணாம்பால் துகள்களை ஒட்டவைத்துச் செங்கல் போன்ற கட்டிகளைச் செய்தார்கள். சூளை தேவைப்படாத கல். மண்மேடு சரியாமல் தாங்கும் சுற்றுச்சுவருக்கும் லேண்டர் இறங்கும் தளத்துக்கும் இத்தகைய கற்கள் உதவும்.

மண் போர்த்தியபின் புதிய சிக்கல் ஒன்று எழும். நிலவின் மண் வெற்றிடத்தில் கிடப்பதால் வெப்பத்தைக் கிட்டத்தட்ட கடத்துவதே இல்லை. சேஸ்ட் கண்ட 60 டிகிரி வித்தியாசத்துக்குக் காரணமே அதுதான். வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராது என்றால் உள்ளிருந்தும் வெளியே போகாது. ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே 100 வாட் வெப்பம் விடுகிறார். கருவிகளும் விளக்குகளும் சேர்ந்தால் புதைந்த வீடு குளிரால் அல்ல, புழுக்கத்தால் தவிக்கும். அந்த வெப்பத்தைக் குழாய்களில் மேலே கொண்டுவந்து தரைமேல் நிற்கும் தகடுகள் வழியாக வானத்துக்கு விட வேண்டும். சூரியத் தகடுகளும் தொலைத்தொடர்பு ஆன்டெனாவும்கூட மேலேதான் நிற்க முடியும். எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் அந்த வீட்டின் உயிர் தரைமேல் இருக்கும்.

கோலார்த் தொழிலாளர்களுக்கு இது புதிதல்ல. 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். மேலே குளிரூட்டும் ஆலை அமைத்துக் காற்றை உள்ளே தள்ளினால்தான் வேலை செய்ய முடிந்தது. பாறை வெடிப்புகள் உயிர்களைப் பறித்தன. கல்தூசு நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயாகத் தலைமுறைகளைத் தின்றது. நிலவின் தூசு அதைவிடக் கூர்மையானது, காற்றும் நீரும் தேய்க்காத கண்ணாடிச் சிராய்கள் நிறைந்தது. அப்பல்லோ 17-ல் ஹாரிசன் ஷ்மிட்டுக்கு அது மூக்கடைப்பையும் எரிச்சலையும் தந்தது மூன்று நாள் தங்கலிலேயே. நிலவின் மண்ணோடு ஆண்டுக்கணக்கில் வாழப்போகிறவர்களுக்குக் கதிர்வீச்சுக்கு அடுத்த எதிரி இந்தத் தூசு. 2001-ல் மூடப்பட்ட கோலாரின் மருத்துவப் பதிவுகளை விண்வெளி மருத்துவர்கள் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கோலாரில் மக்கள் மேலே குடியிருந்து கீழே இறங்கி வேலை செய்தார்கள். நிலவில் கீழே குடியிருந்து மேலே ஏறி வேலை செய்வார்கள். நாளில் 6 மணி நேரம் மட்டும் வெளியே இருந்து, மீதி 18 மணி நேரம் தடித்த மண்ணுக்கு அடியில் கழித்தால், ஆண்டுக் கதிர்வீச்சு 500-லிருந்து ஏறத்தாழ 125 மில்லிசீவர்ட்டாக இறங்கும். நாசாவின் 600 வரம்பைத் தொட ஐந்தாண்டு ஆகும். ஆயுள் முழுதும் அங்கே வாழ இதுவும் போதாது. பணிக்காலம் முடித்துத் திரும்ப இது போதும்.

செவ்வாய்க்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. போகும் வழியில் கியூரியாசிட்டி அளந்தது நாளொன்றுக்கு 1.84 மில்லிசீவர்ட். போக ஆறு மாதம், வர ஆறு மாதம் என்றால் பயணமே 600-ஐத் தாண்டிவிடும். தரையில் இறங்கியவருக்கு வாங்கிக்கொள்ள மிச்சம் எதுவும் இல்லை. நிலவில் மண் போர்வை விருப்பத்துக்குரியது என்று யாராவது வாதிடலாம், செவ்வாயில் அந்த வாதத்துக்கு இடமே கிடையாது.

2035-ல் சொந்த விண்வெளி நிலையம், 2040-ல் நிலவில் இந்தியர் என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. நிலவு மண்ணை அள்ளிவரும் சந்திரயான்-4-க்கு 2024 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்துவிட்டது. லடாக்கின் சோ கார் பள்ளத்தாக்கில் 2025-ல் நிறுவப்பட்ட ‘ஹோப்’ மாதிரி நிலையத்தில் மனிதர்கள் தங்கிப் பார்த்தார்கள். அது 8 மீட்டர் விட்டமுள்ள, தரைமேல் நிற்கும் கூடு. அடுத்து வேண்டியது 3 மீட்டர் மண்ணுக்கு அடியில் ஒரு கூடு. அதை எந்திரங்கள் மட்டுமே போர்த்த வேண்டும், உள்ளே ஆட்கள் மாதக்கணக்கில் இருந்து வெப்பத்தையும் தூசையும் கசிவையும் அளக்க வேண்டும். சித்தம்பூண்டியின் பாறை தமிழ்நாட்டில் இருக்கிறது. எடை குறைந்தாலும் தரையைப் பற்றும் வண்டியைச் செய்யத் தெரிந்த கைகள் ஆவடியிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் இருக்கின்றன. இந்த வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால், மணிக்கு ஒரு டன் மண் அள்ளும், பழுதாகாமல் 2000 மணி நேரம் ஓடும், எடையை நம்பாத ஓர் எந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.